துருவேறும் மடக்கெழுத்தாணி

எந்தத் தமிழ்ப்பள்ளிக்குள் நுழைந்தாலும் திருவள்ளுவர் படம் நம்மை வரவேற்கிறது. ஓவியர் வேணுகோபால் சர்மா தீட்டி, 1964 ஆம் ஆண்டில் தமிழகச் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்ட அப்படத்தில், வள்ளுவரின் இடக்கையில் ஓலையும் வலக்கையில் எழுத்தாணியும் இருக்கின்றன. ஓலையைப் பற்றி நாம் ஓயாது பேசுகிறோம். கறையானுக்கு இரையான ஓலை, பெருக்கு நாளில் ஆற்றில் விடப்பட்ட ஓலை, அடுப்பெரிக்கப்பட்ட ஓலை என்று மேடைதோறும் கண்ணீர் வடிக்கிறோம். எழுத்தாணியைப் பற்றி என்ன பேசியிருக்கிறோம்? அஃது எத்தனை வகைப்படும், எதனாற் செய்யப்படும், எங்ஙனம் பிடிப்பது, எங்ஙனம் பேணுவது என்று பத்துத் தமிழாசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு அவர்கள் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள்.

நான் இங்கு எடுத்துக்கொண்டது எழுத்தாணிகளுள் ஒன்றாகிய மடக்கெழுத்தாணி. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாறாகிய 'என் சரித்திரம்' என்னும் நூலில் எழுத்தாணிகளை மூவகையாகப் பிரித்துக் காட்டுகிறார். குண்டெழுத்தாணி நீளம் குறைந்தது; தலைப்பக்கம் குண்டாகக் கனத்திருப்பது. வாரெழுத்தாணி அதனினும் நீண்டது. அதன் ஒரு முனை எழுதுவதற்கும் மறுமுனை ஓலையை வாருவதற்கும் உரியது. மூன்றாவதாகிய மடக்கெழுத்தாணிக்குப் பிடி உண்டு. மரத்தாலோ தந்தத்தாலோ மாட்டுக்கொம்பாலோ அமைந்த அப்பிடியின் ஒருபக்கம் கத்தியும் மறுபக்கம் எழுத்தாணியும் இணைந்திருக்கும். வேலை முடிந்ததும் இரண்டையும் மடக்கிப் பிடிக்குள் அடக்கிவிடலாம். மேனாட்டார் சட்டைப்பைக் கத்தி என்று போற்றும் பொருளுக்கும் இதற்கும் அமைப்பில் யாதொரு வேறுபாடும் இல்லை. நம்மவர்க்குச் சட்டைதான் இல்லை, மடி இருந்தது.

ஆங்கிலேயர், இறகைச் சீவி எழுதுகோலாக்கிய காலத்தில் அதற்கென வைத்திருந்த சிறு கத்தியை எழுதுகோலின் பெயராலேயே வழங்கினர். நாம் அப்பெயரை மொழிபெயர்த்துப் 'பேனாக்கத்தி' என்றோம். பள்ளிப் பிள்ளைகளும் அச்சொல்லை அறிவார்கள். எழுத்து வேலைக்கென்றே பிறந்த கத்தியொன்று, அதே அளவில், அதே மடிப்பில், நம் பாட்டனாரின் இடுப்பில் இருந்தது. அதற்கு மடக்கெழுத்தாணி என்ற அழகிய பெயரும் இருந்தது. இரவல் பெயரை மனப்பாடம் செய்து சொந்தப் பெயரைத் தொலைத்த இனம் நம்மைப் போல் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

இஃதொரு பழம்பொருள் ஆர்வலரின் புலம்பல் என்று எவரும் தள்ளிவிடலாகாது. மாணவர்க்கு எழுத்து வரலாறு கற்பிக்கிறோம். பழங்காலத்தில் ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் எழுதினர் என்கிறோம். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றோடொன்று மயங்கின என்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அவற்றை வேறுபடுத்தினார் என்று தேர்வுக்கு விடையும் எழுதச் செய்கிறோம். ஏன் புள்ளியிடவில்லை என்று ஒரு மாணவன் கேட்டால், ஓலை கிழிந்துவிடும் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். ஓலையையும் எழுத்தாணியையும் அவன் கையிற் கொடுத்து ஒரு புள்ளியைக் குத்தச் சொன்னால், அவ்வொரு வரி அவனுக்கு வாழ்நாள் முழுதும் மறவாது. எழுத்தாணி ஓலையின் மேற்றோலைக் கீறிச் செல்ல வேண்டிய கருவி, குத்துவதற்குரியது அன்று. ஆகவேதான் நம் எழுத்துகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன என்று சொல்வாரும் உளர். அக்கூற்றைச் சோதித்துப் பார்க்கவும் கருவி வேண்டும் அல்லவா? (உயிர்மெய்க் குறியிலும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்கிறோம். எழுத்திலும் கொம்பு, எழுதிய கருவியிலும் கொம்பு! இப்பெயர்ப் பொருத்தம் தற்செயலானதே. ஆயினும் வகுப்பறையில் இதனைச் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.)

1816 ஆம் ஆண்டு பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தொடங்கியதை முன்னிட்டு, 2016 ஆம் ஆண்டில் இந்நாடெங்கும் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். 1816 இல் தமிழகத்துத் திண்ணைப் பள்ளி மாணவன் மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்னர் ஓலைக்கு ஏறியவன். அவனுடைய எழுதுகோல் இதுதான். இருநூறு ஆண்டுகளைக் கொண்டாடிய நாம், அந்த முதல் ஆண்டின் எழுதுகோலை எத்தனை மாணவர் கையிற் கொடுத்தோம்?

இனி, இருப்பவற்றுக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதைக் காண்போம். தோட்டத்து லயங்களைவிட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடும்பங்கள் மாறியபோது தகரப்பெட்டிகள் பல குப்பைக்குப் போயின. 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய ரஜூலா கப்பலில் வந்திறங்கிய பெட்டிகளும் அவற்றுள் அடங்கும். பாட்டனார் சோதிடராகவோ நாட்டு வைத்தியராகவோ கணக்கராகவோ வணிகராகவோ இருந்த குடும்பங்களில் இத்தகைய கத்தியைத் தேடலாம். கிடைத்தவற்றில் ஒரு பகுதி பழைய இரும்புக்காரனிடம் போகிறது. இன்னொரு பகுதி, ஜார்ஜ் டவுனில் லோரோங் கூலிட் போன்ற பழம்பொருட்சந்தைகளில், நின்றுபோன கைக்கடிகாரங்களுக்கும் செல்லாக் காசுகளுக்கும் நடுவே பாயில் கிடக்கிறது. எஞ்சியவை வீட்டில் இருக்கின்றன. இரும்புக்காரனையும் சந்தைக்காரனையும்விட வீட்டிலிருப்பவர்களே எனக்கு மிகுந்த அச்சத்தைத் தருகிறார்கள். ஏனெனில் அவர்கள் அதனை அன்பினாற் கெடுக்கிறார்கள்.

மாக் மண்டினில் ஓர் இல்லத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். வீட்டார் பெயர் வேண்டா. கொம்புப் பிடியிட்ட மடக்கெழுத்தாணி ஒன்று அங்குண்டு. ஆண்டு முழுதும் அது சிவப்புப் பட்டுத்துணியில் சுற்றப்பட்டுப் பூசையறையில் இருக்கும். சரசுவதி பூசைக்கு முன்னாள் அதனைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பார்கள், நீரில் அலசுவார்கள், வெயிலில் காயவைப்பார்கள், ஈரச் சந்தனமும் குங்குமமும் இடுவார்கள், பூசை முடிந்ததும் பொட்டோடு அப்படியே பட்டில் சுற்றி வைப்பார்கள். நான் காணும்போது பொட்டிருந்த இடத்தில் பொட்டின் வடிவிலேயே துரு அரித்திருந்தது. கொம்பு நெடுக வெடித்திருந்தது. கத்தி பாதி திறந்து அதற்குமேல் அசையவில்லை. 'கலைமகள் குடியிருக்கும் பொருள்' என்று அவ்வீட்டு மூதாட்டியார் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த அம்மையாரை நான் குறை கூறேன். நாற்பது ஆண்டுகளாகத் தமிழ் மன்றங்களில் முழங்கும் நாம், அவருக்கு ஒரு சொல் சொல்லிக்கொடுத்தோமா?

பூசை செய்ய வேண்டா என்று நான் கூறவில்லை. பூசையின் பெயரால் நடைபெறும் ஒவ்வொரு செயலும் அப்பொருளுக்கு எமனாக இருக்கிறது என்கிறேன். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மாட்டுக்கொம்பும் நம் நகமும் ஒரே இனப் பொருளாலானவை. 'கெராட்டின்' என்பர் அறிவியலார். நீரில் ஊறினால் அது வீங்கும். வெயிலிற் சட்டென உலர்ந்தால் சுருங்கும். வீங்கிச் சுருங்கி வீங்கிச் சுருங்கி, ஏடு ஏடாகப் பிரிந்து வெடிக்கும். கொதிநீரில் இட்டாலோ இளகிக் கோணும். கொம்பைத் தகடாக அமுக்குவதற்குத் தொழிலாளர் கையாளும் முறையே அதுதான். புளியின் அமிலம் பித்தளைக் களிம்பை எடுக்கும், எஃகை அரிக்கும். ஆணியடித்த துளை வழியே உள்ளே புகுந்த புளிநீரை எந்தத் துணியாலும் துடைக்க இயலாது. அங்கேயே தங்கி, மடிப்பின் அச்சாணியை உள்ளிருந்து தின்னும். பித்தளை மெருகுக்குக் கடையில் விற்கும் பிராசோவும் கொம்புக்கு ஆகாது. அதன் வெண்பொடி கொம்பின் நுண்ணிய கீறல்களில் புகுந்து வெளுத்துக் காட்டும்.

நம் ஊரின் காற்றையும் நினைக்க வேண்டும். மாக் மண்டின் கடலுக்கு அண்மையிலுள்ள பட்டர்வொர்த்தின் ஒரு பகுதி. பினாங்கின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக நூற்றுக்கு எண்பதை ஒட்டியே நிற்கிறது. அறுபத்தைந்தைத் தாண்டினாலே இரும்பு விரைந்து துருப்பிடிக்கும். அதனோடு உப்பும் சேர்ந்தால் கேட்பானேன்? இத்தகைய ஊரில் பட்டுத்துணிச் சுற்று, ஈரத்தைப் பிடித்து இரும்போடு அணைத்து வைக்கும் வேலையைத்தான் செய்கிறது. தோலுறையும் அவ்வாறே. உறை பழையதாயின் அதனையும் காத்து வையுங்கள். ஆனால் கத்தியை அதற்குள் வைக்காதீர்கள். மலிவான ஞெகிழி உறைகளில் பி.வி.சி. வகை காலப்போக்கில் அமில ஆவியைக் கக்குவது. அதைவிட வெறுங்காகிதம் மேல்.

என்னதான் செய்வது? வேலை சிறிது. உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தல். கத்தியையும் எழுத்தாணியையும் மெல்ல விரித்து, மடிப்பின் அச்சில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடுதல். உலோகப் பகுதியெங்கும் அதே எண்ணெயை இருக்கிறதோ இல்லையோ என்னும் அளவுக்குத் தடவுதல். விரல் படிந்த இடத்தை மீண்டும் துடைத்தல், வியர்வையில் உப்புண்டாதலின். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டா. முன்னது நாளடைவில் சிக்குப்பிடித்து நாறும். பின்னது பிசினாக இறுகி மடிப்பைப் பூட்டிவிடும். இதைச் சொன்னால் பெரியவர்கள் சினம் கொள்கிறார்கள். நல்லெண்ணெய் விளக்குக்கு நல்லது, அவ்வளவே. கொம்புப் பிடிக்குத் தூய மெழுகு சிறிதளவு பூசித் தேய்த்தாற் போதும். பிறகு இறுக மூடும் பெட்டியில், மருந்துப் புட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

திறந்து பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கம்பளித் துணியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழுவும் தோல்வண்டின் புழுவும் கொம்பையும் தின்னும். பிடியில் ஊசி குத்தியது போன்ற குழிகளும், பெட்டியின் அடியில் பொடியும் கண்டால், ஞெகிழிப் பையில் காற்றுப் புகாமல் அடைத்து, வீட்டு ஆழ்குளிர்ப்பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் பையை உடனே பிரிக்காமல், அறையின் வெம்மைக்கு வரும்வரை ஒருநாள் விட்டுப் பிரியுங்கள். இல்லையேல் பனிநீர் இரும்பில் படியும்.

தீட்டுதல் பற்றி ஒரு சொல். மாக் மண்டின் 1960கள் தொட்டுத் தொழிற்பேட்டை. பட்டறையும் சாணைச் சக்கரமும் நம்மவர்க்குப் புதியன அல்ல. 'கொடுங்கள் அண்ணே, ஐந்து நிமிடத்தில் கண்ணாடிபோல் ஆக்கித் தருகிறேன்' என்று அன்போடு வாங்கிச் செல்லும் தம்பிகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் ஆகிவிடும், ஐயமில்லை. சக்கரத்தின் சூட்டில் எஃகு நீலம் பூத்துத் தன் உறுதியை இழக்கும். கொல்லன் பதித்த குறி தேய்ந்து மறையும். எழுத்தாணியின் நுனி, ஓலையின் மேல் வழுக்கிச் செல்லும் பொருட்டு மழுங்கலாக உருட்டப்பட்டிருக்கும். அதனை ஊசிபோல் கூராக்கி, எழுதவே உதவாமற் செய்துவிடுவார்கள். பளபளக்கும் அப்பொருளை மேடையில் காட்டலாம். அதைக்கொண்டு 'அ' என்று ஓர் எழுத்தை எழுதவியலாது. செந்துரு எழுந்திருந்தால் எண்ணெயில் நனைத்த துணியால் பலநாள் மெல்லத் தேய்த்து நீக்குங்கள். கரும்பழுப்பாக உறைந்திருக்கும் பழைய படிவம் கேடு செய்வதன்று, அதனைத் தொடாதீர்கள்.

சேகரிப்போர் என்று சிலர் தோன்றியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆயினும் அவர்களோடும் எனக்கு வழக்குண்டு. பிடியின் பொருள் இன்னதென அறியாமலே வாங்குகிறார்கள். தமிழில் மாட்டுக்குள்ளதும் கொம்பு, மானுக்குள்ளதும் கொம்பு. மருப்பு, கோடு என்னும் பழஞ்சொற்களோ யானைத் தந்தத்தையும் சேர்த்துக் குறிக்கும். சொல் ஒன்றாயினும் பொருள் வேறு, சட்டமும் வேறு. மாடு, எருமை ஆகியவற்றின் கொம்பு உள்ளீடற்றது. நெடுக நார்போல் ஓடும் கோடுகளும், மெல்லிய விளிம்பில் ஒளி ஊடுருவும் தன்மையும் கொண்டது. மான்கொம்பு எலும்பினம், ஆண்டுதோறும் விழுந்து முளைப்பது, நடுவில் துளைதுளையாக இருக்கும். தந்தத்தின் குறுக்குவெட்டில் பின்னற்கோடுகள் தென்படும். ஆசிய யானை 1975 ஆம் ஆண்டிலிருந்தே பன்னாட்டு வணிகத் தடைப்பட்டியலில் உள்ளது. மலேசியாவில் 2008 ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவில் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இவற்றின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. ஊருக்குப் போய்வருகையில் தந்தப்பிடி எழுத்தாணியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் பண்பாட்டுக் காவலர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நன்று. சூடேற்றிய ஊசியால் குத்தி, மயிர் கருகும் நாற்றம் வருகிறதா என்று கொம்பைச் சோதிக்கும் வழக்கமும் உண்டு. அது மூக்குக்கு அறிவு தரும். பிடிக்கு வடு தரும்.

அதனினும் பெரிய குற்றம் ஒன்றுண்டு. வாங்குவோர் கத்தியை வாங்குகிறார்கள்; கதையை விட்டுவிடுகிறார்கள். எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கையிலிருந்தது, அவர் அதைக்கொண்டு சாதகம் எழுதினாரா, மருந்துக் குறிப்பு எழுதினாரா, கடன் கணக்கு எழுதினாரா என்ற செய்திகளை இழந்த எழுத்தாணி, சந்தையில் ஒரு விலைச்சீட்டுக்கு மட்டுமே உரியது. பத்து எழுத்தாணிகளைக் கண்ணாடிப் பேழையில் அடுக்கி, அவற்றுள் ஒன்றின் வரலாற்றையும் கூறவியலாத சேகரிப்பாளரைவிட, ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று தலைமுறைக் கதை சொல்லும் மூதாட்டி எனக்குப் பெரியவர்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். எழுப்பியும் இருக்கிறார்கள். 'நாம் தோட்டப் பாட்டாளிகளின் பிள்ளைகள். நம் முன்னோர் கையில் இருந்தது பால்மரம் சீவும் கத்தி. எழுத்தாணி கணக்குப்பிள்ளையின் சொத்து. அதைத் தூக்கிவைத்து நாம் ஏன் ஆட வேண்டும்?' இக்கேள்வியை நான் மதிக்கிறேன். இதற்கு விடை கூறாமல் மடக்கெழுத்தாணியைப் புகழ்வோர் பொய்ப்புகழ் பாடுகிறார்கள்.

அப்பிடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். செத்த மாட்டை அறுத்துக் கொம்பைப் பிரித்துக் கொடுத்தவன் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவன். இரும்பைக் காய்ச்சி அலகும் ஆணியும் அடித்தவன் கொல்லன். இருவருள் முன்னவன் அக்கருவியைக் கொண்டு தன் பெயரை எழுதக் கற்க ஊர் இடம்கொடுத்ததில்லை. தீண்டலாகாது என்று ஒதுக்கப்பட்டவன் கைப்பட்ட கொம்பு, பிடியாகிக் கணக்கர் கைக்கு வந்ததும் தீட்டு எங்கோ ஓடிவிட்டது! அக்கருவி எழுதிய கணக்குகளில் நிலமற்றவராகவும் கடன்பட்டவராகவும் பதிவானவர்களே கப்பலேறிக் கங்காணியின் பின்னே இந்நாட்டுக்கு வந்தனர். இங்கும் பெரட்டுக்களத்தில் அவர்கள் பெயரை எழுதியவர் வேறொருவர். கருவி மட்டும் கிராணியின் பென்சிலாக மாறியிருந்தது. தமிழகத்தில் வழிவழிக் கர்ணம் பதவிகள் 1980 ஆம் ஆண்டு நவம்பரிற்றான் ஒழிக்கப்பட்டன. அத்துணை நெடிய அதிகாரத்தின் கருவி அது.

ஆதலின் அது நமக்கு உரியதன்று என்று எறிந்துவிடுவதா? நம் முன்னோரைப் பற்றி எழுதிய கருவி நம் கைக்கு வந்திருக்கிறது. அதை ஏன் விட வேண்டும்? மடக்கெழுத்தாணியையும் பால்மரம் சீவும் கத்தியையும் ஒரே மேசையில் அருகருகே வைத்து, எது யார் கையிலிருந்தது, ஏன் இருந்தது என்று பிள்ளைகளிடம் கேட்கும் ஆசிரியர், நூறு பக்க வரலாற்றை ஒரே பாடவேளையில் கற்பித்துவிடுவார். எழுத்தாணியைக் கலைமகளின் ஆயுதம் என்று மட்டும் சொல்லிக் கும்பிடச் செய்பவர் அவ்வரலாற்றை மூடிமறைக்கிறார். சீவுகத்தியை இழிவென்று ஒளித்துவைப்பவரும் அதையே செய்கிறார்.

கருவிகளையும் கைவினைஞரையும் மதித்துப் பதிவு செய்தல் எங்ஙனம் என்பதற்கு நம்மிடையே ஒரு முன்னோடி இல்லாமலில்லை. கொழும்பில் 1877 இல் பிறந்த, தமிழ்த் தந்தையின் மகனாகிய ஆனந்த குமாரசுவாமி, கண்டி நாட்டுக் கைவினைகளை ஆராய்ந்து 1908 ஆம் ஆண்டில் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற பொருள்படும் பெருநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கொல்லரும் தந்தவேலை செய்வாரும் என்ன கருவியால் என்ன செய்தனர் என்பதைத் தொழிலாளியின் பக்கம் நின்று எழுதியவர் அவர். சிங்களக் கைவினைஞர்க்குத் தமிழ்க்குருதி உடைய ஒருவர் செய்த அத்தொண்டு, தமிழ்க் கொல்லர்க்கும் வாய்க்க வேண்டும்.

அயலாரைப் பாருங்கள். கடல் கடந்து நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பாலித்தீவில் ஓலைச்சுவடியை 'லொந்தார்' என்பர். அதில் எழுதும் கருவி ஒரு சிறு கத்திதான். அங்கே பள்ளி மாணவர்க்கு லொந்தாரில் எழுதும் போட்டிகள் இன்றும் நடைபெறுகின்றன. மலாய்க் குடும்பங்களில் வழிவழி வந்த கெரிசை எண்ணெயிட்டுப் பேணும் முறையுண்டு. அதற்கென்று அறிந்தவர்கள் உண்டு. (கெரிசுக்கு எலுமிச்சைச் சாறு இடுகிறார்களே என்று நம்மவர் புளிக்கு வக்காலத்து வாங்க வேண்டா. அடுக்கடுக்காய் அடித்த இரும்பின் வரிகளைத் தெளிவிக்கத் தேர்ந்தவர் செய்யும் வேலை அது. செய்தவுடன் கழுவி உலர்த்தி எண்ணெயிடுவர்.) பிரான்சு நாட்டில் லாகியோல் என்றொரு சிற்றூர். கொம்புப் பிடியிட்ட மடக்குக்கத்திக்குப் பெயர்பெற்றது. அவ்வூர்ப் பெயரை வெளியார் ஒருவர் வணிக முத்திரையாகப் பதிந்துகொண்டார். வழக்காடித் தோற்ற ஊர்மக்கள், 2012 ஆம் ஆண்டில் தம் ஊர்ப் பெயர்ப்பலகையையே கழற்றி எதிர்ப்பைக் காட்டினர். ஒரு கத்தியின் பெயருக்காக ஓர் ஊரே எழுந்து நின்றது! நம் கத்தியின் பெயரை எவரும் பறிக்கவில்லை. நாமே வழியில் போட்டுவிட்டு வந்தோம்.

அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிடலாமே என்பார்க்கு ஒரு விடை. அரிய பொருளாயின் ஒப்படையுங்கள், நன்று. ஆனால் அருங்காட்சியகப் பேழைக்குள் இருக்கும் எழுத்தாணியால் எந்த மாணவனும் எழுதிப்பார்க்க இயலாது. தமிழகத்திலும் புதுச்சேரியிலும் சுவடிகளுக்கு நூலகங்கள் உண்டு. அவை நிழற்படமெடுக்கப்படுகின்றன, மின்வடிவாக்கப்படுகின்றன. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் முதலியவற்றிலுள்ள சைவச் சுவடிகளை 2005 ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலிற் சேர்த்தது. எழுதப்பட்டது காப்பாற்றப்படுகிறது. எழுதும் பழக்கம் காப்பாற்றப்பட வேண்டிய இடம் பள்ளி.

பள்ளிக்குள் கத்தியா என்று தலைமையாசிரியர்கள் திகைப்பார்கள். திகைப்பு நியாயமே. பொதுவிடத்தில் தக்க காரணமின்றி ஆயுதம் வைத்திருப்பதை 1958 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்குகிறது. மாணவர் எவரும் அதனைப் பையிற் போட்டுக்கொண்டு வருதல் கூடாது. ஆசிரியர் பொறுப்பில், பள்ளியின் எழுத்துப்பூர்வமான இசைவுடன், பூட்டிய பெட்டியில் கொண்டுவந்து, கத்தி அலகை மடக்கியே வைத்து, எழுத்தாணியை மட்டும் விரித்துப் பயிற்சியளிப்பதில் என்ன தடை இருக்கிறது? அறிவியற் கூடத்தில் அமிலத்தைக் கையாளக் கற்பிக்கும் நாம், தமிழ் வகுப்பில் ஓர் ஆணிக்கு அஞ்சுவதா? பழைய கருவியைப் பயிற்சிக்குத் தர மனமில்லையேல், அதன் அளவுப்படி ஒரு பட்டறையில் புதிதொன்று செய்துகொள்ளலாம். மாக் மண்டினில் இரும்பு வேலை அறிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. சாணைச் சக்கரத்தோடு காத்திருக்கும் தம்பிகளுக்கும் அப்போது ஒரு நல்ல வேலை கிடைக்கும்.

முதலில் வேண்டியது ஒரு கணக்கெடுப்பு. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் ஆறாம் ஆண்டு மாணவர், தம் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் மடக்கெழுத்தாணியோ, கொம்புப் பிடியிட்ட பழைய மடக்குக்கத்தியோ, சீவுகத்தியோ உண்டா என்று கேட்டு வரட்டும். இருந்தால் ஆசிரியர் சென்று காண வேண்டும். விரித்த நீளம், மடக்கிய நீளம், பிடியின் பொருள், ஆணிகளின் எண்ணிக்கை, கொல்லன் குறி ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுத வேண்டும். பாட்டியோ தாத்தாவோ சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். இலக்கணம் திருத்த வேண்டா. அட்டையைப் பென்சிலால் எழுதுக. மை ஈரத்தில் கரைந்து பொருளின்மேல் இறங்கும். பிடியின்மேல் எதையும் ஒட்டாமல், பருத்தி நூலால் அட்டையைத் தளர்வாகக் கட்டுக. இதே செய்தியின் இன்னொரு படி பள்ளி நூலகத்தில் இருக்கட்டும். பொருள் வீட்டிலேயே இருக்கலாம். அடுத்த சரசுவதி பூசைக்கு முன்னர் அவ்வாசிரியர் மீண்டும் ஒருமுறை அவ்வீட்டுக்குச் சென்று, புளியைச் சமையலறையிலேயே வைத்துவிடும்படி அம்மையாரிடம் பணிவோடு கேட்டுக்கொண்டு, தையல் இயந்திர எண்ணெய்ப் புட்டி ஒன்றைக் கையிற் கொடுத்துவிட்டு வருவாராக.